மரமில்லாத ஊரில் ஒரு வின்ச்

ஆகஸ்ட் 9, செவ்வாய்

பெட்ரோல் போட நின்றேன். பக்கத்துப் பம்பில் நின்றவர் என் கார்க் கண்ணாடியைத் தட்டி நாக்கை நீட்டினார். "வெள்ளையா இருக்கில்ல?" இருந்தது. அங்கிருந்து அஞ்சலகம். எனக்கு முன்னால் நின்ற பெண்மணி திரும்பிப் பார்த்தார், முகம் மலர்ந்தார், குனிந்து காலுறையை இறக்கி வீக்கத்தைக் காட்டினார். போன ஞாயிறு பூசையில் எல்லோரும் ஒருவருக்கொருவர் சமாதானம் சொல்லிக் கை குலுக்கும் நேரத்தில், பாதிரியாரே என் கையை விடாமல் பிடித்துக்கொண்டு தூக்க மாத்திரையைப் பாதியாக உடைக்கலாமா என்று விசாரித்தார். உடைக்கலாம் என்றேன். "சமாதானம் உங்களோடும் இருப்பதாக" என்றார்.

இந்த மாவட்டத்தில் மருந்துக்கடை ஒன்று. மருந்தாளர் ஒருத்தி: மைத்தே என்கிற நான். நெவாடாவின் இந்த மூலையில் மாடுகளுக்குக்கூட என்னைவிட ஓய்வு அதிகம். மாடுகளிடம் யாரும் எதையும் அவிழ்த்துக் காட்டுவதில்லை.

ஒரு வாரம் வேண்டும். ஒரு மனிதப் பிறவியும் தன் உடம்பைப் பற்றி என்னிடம் பேசாத ஒரே ஒரு வாரம். அது கிடைக்கும் இடமும் எனக்குத் தெரியும்: லாஸ்ட் மிட்டன் ஊற்று. மலைக்குப் பின்னால் வெந்நீர், அதைப் பிடித்துவைக்க யாரோ எப்போதோ போட்ட மாட்டுத் தண்ணீர்த் தொட்டி, சுற்றிலும் சேஜ் புதர். பாதை மோசம் என்பதால் யாரும் போவதில்லை. நவம்பர் நடுவில் நிலத்துறைக்காரர்கள் கேட்டைப் பூட்டிவிடுவார்கள். பிறகு மே மாதம்தான்.

ஆக, எனக்குத் தேவை விடுமுறை அல்ல. வண்டி.

ஆகஸ்ட் 13, சனி

வாங்கிவிட்டேன். பாய்ஸிக்கு மாற்றலாகிப் போகும் ஓர் ஆசிரியரின் நடுத்தர அளவுப் பிக்கப். பத்து வயது. சாம்பல் நிறம். அதன் வாழ்க்கையில் செய்த ஒரே சாகசம் பள்ளிக்கூட நிறுத்துமிடத்தில் வேகத்தடையைத் தாண்டியது.

கடை வாசலில் நிறுத்தியதும் ட்வைலா வெளியே வந்து சுற்றிப் பார்த்தாள். ட்வைலா ஹாஸ்ப்ரூக் என் கடையில் கல்லாவில் நிற்பவள். என்னைவிடப் பன்னிரண்டு வயது மூத்தவள். ஊரில் வாரப் பத்திரிகை ஒன்று உண்டு; ட்வைலா போன வாரம் சொன்னதை அது இந்த வாரம் அச்சடிக்கும்.

"எதுக்குக் கண்ணு இது?"

"தனியா இருக்கறதுக்கு."

"அதுக்கு வீடு போதாதா? நீதான் விவாகரத்து ஆனதுலேர்ந்து தனியா இருக்கியே."

"வீட்டுக் கதவைத் தட்டறாங்க ட்வைலா."

"அது சரி. எங்க போறதா உத்தேசம்?"

"சும்மா. அங்க இங்க."

ட்வைலாவிடம் ஊற்றின் பெயரைச் சொல்வதும் அதை ஊர்த் தண்ணீர்த் தொட்டியில் பெரிய எழுத்தில் எழுதுவதும் ஒன்று. பெயிண்ட் மிச்சம், அவ்வளவுதான்.

ஆகஸ்ட் 21, ஞாயிறு

இரவெல்லாம் இணையத்தில் படித்தேன். பிக்கப்பை உயர்த்துவது பற்றிப் பேசுவதற்கென்றே வாழும் மனிதர்கள் இருக்கிறார்கள். எந்த ஷாக் அப்சார்பர் சிறந்தது என்று நாற்பது பக்கத்துக்குச் சண்டை. பழைய திருச்சபைச் சங்கங்கள் திரித்துவத்தைப் பற்றிக்கூட இவ்வளவு கசப்பாக வாதாடியிருக்காது. அங்கே கடைசியில் ஒரு முடிவுக்கும் வந்தார்கள்.

காலையில் க்ளீட் யார்ட்லியின் பட்டறைக்குப் போனேன். க்ளீட் வெல்டர். ஒரு நாளைக்கு இவ்வளவுதான் பேசுவது என்று யாருக்கோ சத்தியம் செய்தவன் போலிருப்பான்.

"உசத்தணும்," என்றேன்.

"எவ்ளோ?"

"கல்லு இடிக்காத அளவுக்கு."

"எந்தக் கல்லு?"

சொல்லவில்லை. அவனும் வற்புறுத்தவில்லை.

ஆகஸ்ட் 28, ஞாயிறு

புதிய ஸ்பிரிங், புதிய ஷாக், பெரிய டயர். ஏறி உட்காரக் கம்பியைப் பிடித்துத் தொங்க வேண்டியிருக்கிறது. மேலே உட்கார்ந்தால் ஊர் சிறியதாகத் தெரிகிறது. மனத்துக்கு நல்லது.

ஆனால் ஸ்டீரிங்கை முழுக்கத் திருப்பினால் பெரிய டயர் உள்பக்கம் உரசுகிறது. க்ளீட் யோசிக்கவே இல்லை. கத்தியைச் சூடுபண்ணிச் சக்கரத்தின் பிளாஸ்டிக் உள்தட்டை அறுத்தான், பிறகு வெட்டும் இயந்திரத்தை எடுத்து இரும்பிலும் ஒரு துண்டை நறுக்கினான். ஆக, வண்டிக்குச் செய்யும் முதல் மேம்பாடு அதை வெட்டுவது. அறுவை சிகிச்சை நிபுணர்களிடம் கேட்டிருக்கிறேன் இதே தர்க்கத்தை.

"வலிக்குமா?" என்றேன்.

"வண்டிக்கா? உனக்கா?"

இன்றைய ஒதுக்கீடு தீர்ந்தது போல.

செப்டம்பர் 3, சனி

முன்பக்கம் இரும்புப் பம்பர், அடியில் காப்புத்தகடு. பம்பருக்குள் ஒரு வின்ச். மின்சார மோட்டார், உருளையில் சுற்றிய கயிறு. எதிலாவது கட்டிப் பொத்தானை அழுத்தினால் வண்டி தன்னைத்தானே சேற்றிலிருந்து இழுத்துக்கொள்ளும். இணையத்து அறிஞர்கள் இதில் மட்டும் ஒருமனதாக இருந்தார்கள்: தனியாகப் போகிறவருக்கு வின்ச் வேண்டும்.

"எதுல கட்டுவே?" என்றான் க்ளீட்.

"மரத்துல."

அவன் பட்டறைக் கதவு வழியே வெளியே பார்த்தான். நானும் பார்த்தேன். தொடுவானம் வரை ஒன்றுமில்லை. எங்கள் ஊருக்குப் பெயர் த்ரீ எல்ம்ஸ், அதாவது மூன்று எல்ம் மரங்கள். பெயர் வைத்தவர் நம்பிக்கை மிகுந்தவராக இருந்திருக்க வேண்டும்.

"மரம் இல்லாத எடத்துல ஸ்டெப்னிய மண்ணுல பொதைச்சு அதுல கட்டுவாங்க. நங்கூரம் மாதிரி நிக்கும்," என்றான் க்ளீட். "உன் ஸ்டெப்னி வண்டிக்கு அடியில தொங்குது. எடுத்துப் பின்கதவுல மாட்டிடவா?"

"வேணாம். கதவைத் தெறக்கறப்போ கனக்கும்."

தோளைக் குலுக்கினான். இந்த ஊரில் தோளைக் குலுக்குவது ஒரு முழு வாக்கியம்.

செப்டம்பர் 10, சனி

இன்று போவதாக இருந்தது. ஒத்திகை, இரண்டு நாள். பின்பக்கக் கூண்டுக்குள் படுக்கை, அடியில் இழுப்பறைகள், வறுத்த சோரிசோ தொத்திறைச்சி, ரொட்டி, இரண்டு தடித்த நாவல்கள். விடியலில் சாவியைத் திருப்பினேன். போன் அடித்தது.

ஒரு மனிதர். பெயர் எழுதமாட்டேன், தொழில் பழக்கம். ஏரியில் மாட்டிக்கொண்டாராம்.

ஏரி என்றால் தண்ணீர் இல்லை. மைல் கணக்கில் வெள்ளைத் தரை. மேலே பிஸ்கட் மாதிரி ஓடு, அடியில் கஞ்சி. எந்த இடத்தில் ஓடு மெல்லிசு என்பது ஏறின பிறகுதான் தெரியும்.

"உங்கிட்ட வின்ச் இருக்குன்னு கேள்விப்பட்டேன் மைத்தே."

வின்ச் பூட்டி ஒரு வாரம். சரி, போனேன். கெட்டித் தரையில் என் வண்டியை நிறுத்திக் கயிற்றை அவர் வண்டியில் மாட்டிப் பொத்தானை அழுத்தினேன். அழகாக வந்தது. பக்கத்து இருக்கையில் ஒருவர் இருந்தார். நான் இருந்த நேரம் முழுக்க அவர் எதிர்ப்பக்கத்து மலையை ஆராய்ந்துகொண்டிருந்தார். அவருடைய மனைவி அல்ல என்பதை மட்டும் இங்கே குறித்துவைப்பதில் தவறில்லை. இந்த மாவட்டத்தில் அது யாரையும் காட்டிக்கொடுக்கும் தகவல் இல்லை.

பிறகு கிளம்ப நேரமில்லை. வீடு திரும்பினேன். நாவல் படித்தேன்.

செப்டம்பர் 11, ஞாயிறு

வண்டியின் பின்பக்கத்தில் ஒரு பொட்டலம். மான் இறைச்சித் தொத்திறைச்சி. சீட்டு எதுவும் இல்லை. இங்கே வழக்கம் அப்படித்தான்: இழுத்துவிட்டவருக்கு நன்றி சொல்லக் கூடாது, காசு நீட்டினால் அவமானம். சாப்பாடு தானாக முளைக்கும்.

செப்டம்பர் 18, ஞாயிறு

நேற்றும். வேறு மனிதர், அதே ஏரி. வண்டி பின்சீட்டில் சீட்டாட்ட மேசை. அவர் வகிக்கும் பதவிக்குச் சூதாட்டம் ஆகாது.

இழுக்கும்போது பக்கத்தில் நின்று கேட்டார்: "அந்தப் புது மாத்திரை சாப்பிட்டா தலை சுத்துது மைத்தே, அதனாலதான் வண்டி எறங்கியிருக்குமோ?"

இல்லை என்றேன்.

செப்டம்பர் 25, ஞாயிறு

சுக்கினிக் காய். பெட்டி நிறைய. யார் வைத்தார்கள் என்று தெரியவில்லை, ஏனெனில் இந்த வாரம் இரண்டு பேர்.

அக்டோபர் 1, சனி

ஊற்றுப் பாதையின் முதல் வளைவு வரை போய்விட்டேன். அங்கே போன் சமிக்ஞை தீர்ந்துபோகும். தீர்வதற்குச் சரியாக நூறு கஜம் முன்னால் அடித்தது. எடுத்திருக்கக் கூடாது. எடுத்தேன். ஏன் எடுத்தேன்?

ஒரு பாட்டு ஆசிரியை. அழுதுகொண்டிருந்தாள். தன் கணவனுக்குத் தெரியாமல் வண்டி ஓட்டக் கற்றுக்கொள்கிறாளாம், ஓடையில் இறங்கிவிட்டாளாம். திரும்பினேன். இழுத்தேன். பிறகு அரைமணி நேரம் ரிவர்ஸ் எடுக்கவும் சொல்லிக் கொடுத்தேன். மனிதர்களிடமிருந்து தப்பிக்கக் கட்டிய வண்டி, மாவட்டத்திலேயே அதிக மனிதர்களைச் சந்திக்கும் வண்டி ஆகிவிட்டது.

அக்டோபர் 8, சனி

க்ளீட் வண்டியை வைக்கோல் எடைமேடையில் ஏற்றினான். முன்சக்கரம் தனியாக, பின்சக்கரம் தனியாக. எண்ணைப் பார்த்தான், உதட்டைப் பிதுக்கினான்.

"மூக்கு கனம். பம்பர், வின்ச், தகடு, ரெண்டாவது பேட்டரி, எல்லாத்தையும் முன்னாடி வெச்சிட்டோம். கெட்டித் தரையில தெரியாது. ஏரியில மூக்காலயே குத்திக்கும்."

"என்ன பண்ணலாம்?"

"வின்ச்சைக் கழட்டு."

மனம் குளிர்ந்தது. கழற்றிவிட்டால் ஒரு பயலும் கூப்பிடமாட்டான்! சொன்னேன். க்ளீட் சிரித்தான். அவன் சிரித்து நான் பார்த்ததில்லை. பல் வரிசை நன்றாக இருக்கிறது.

"இந்த ஊர்ல எத்தனை வண்டில வின்ச் இருக்குன்னு நெனைக்கிறே? என்கிட்ட இருக்கு. தீயணைப்புக்காரங்ககிட்ட இருக்கு. பண்ணைக்குப் பண்ணை இருக்கு. உன்னோடதைவிடப் பெருசு எல்லாம்."

"அப்போ ஏன் என்னையே கூப்பிடறாங்க?"

"எங்களைக் கூப்பிட்டா சாயங்காலம் பார்ல தெரிஞ்சிடும். நீ சொல்லமாட்டே. ஊர்ல யாருக்கு மூலம், யாருக்கு மனசு சரியில்ல, யார் எதுக்கு மாத்திரை வாங்கறா... இருபது வருஷமா உனக்குத் தெரியும். ஒரு வார்த்தை வெளிய வந்துச்சா? கழட்டிப் பாரேன். மண்வெட்டியோட வரச்சொல்லுவாங்க."

அவனுடைய ஒரு மாத ஒதுக்கீடு இது. வீட்டுக்கு வந்த பிறகுதான் விளங்கியது. அவர்களை இழுப்பது என் வின்ச் அல்ல. என் வாய். மூடியிருக்கும் வாய்.

வின்ச் அப்படியே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டேன். கழற்றி என்ன ஆகப்போகிறது?

அக்டோபர் 15, சனி

ஏரியில் மாட்டிக்கொண்டேன்.

நான்.

போனை அணைத்துவிட்டு இருட்டோடு கிளம்பினேன். பண்ணைகள் பக்கம் போனால் யாராவது கை காட்டுவார்கள் என்று ஏரியின் ஓரத்தைக் குறுக்கே வெட்டினேன். முன்சக்கரம் மேலோட்டை உடைத்தது, மூக்கு இறங்கியது, க்ளீட் சொன்னது சொன்னபடி. பதறிப்போய் ரிவர்ஸில் மிதித்தேன், பின்பக்கமும் இறங்கியது. இப்போது வண்டி வயிற்றால் படுத்திருக்கிறது, வாத்து மாதிரி.

டயரில் காற்றை இறக்கினேன். சக்கரத்துக்கு அடியில் ஏணிப் பலகைகளைச் சொருகினேன், சேறு விழுங்கியது. சரி, நங்கூரம். ஸ்டெப்னியைப் புதைத்துக் கட்ட வேண்டும். மண்வெட்டியை எடுத்துக்கொண்டு குனிந்து பார்த்தேன். ஸ்டெப்னி ஏற்கெனவே புதைந்திருக்கிறது. வண்டிக்கு அடியில். மிக நன்றாக, மிக உறுதியாக, தவறான இடத்தில்.

மாலை வரை தோண்டினேன். ஒரு ஆள்கூட இல்லை. நான் கேட்ட அமைதி முழுதாகக் கிடைத்திருக்கிறது, ஒருவரும் நாக்கை நீட்டவில்லை. சந்தோஷமா? இல்லை.

யாரைக் கூப்பிடறது?

போன மாசம் நான் இழுத்துவிட்டவங்க எல்லாரும் ஓடி வருவாங்க. வந்து? "மைத்தேவே மாட்டிக்கிட்டா" — பார்ல அன்னிக்கு ராத்திரியே. க்ளீட் எல்க் மான் வேட்டைக்குப் போயிட்டான். எல்லாரும் மாட்டிக்கிட்டா கூப்பிட ஒருத்தி இருக்கா. எனக்கு? இருபத்திரண்டு வருஷத்துல எனக்குன்னு ஒருத்தரை நான் பழக்கியிருக்கேனா? — என்ன கேள்வி இது. தூங்கு.

அக்டோபர் 16, ஞாயிறு

காலையில் நடந்து மேட்டில் ஏறினேன். சமிக்ஞை ஒரு கோடு. யாரையும் கூப்பிடாவிட்டால் திங்களன்று கடை திறக்காது. அப்போது ஊரே தேடும், ஹெலிகாப்டர் வரும், பத்திரிகையில் படம் வரும். கடையின் இன்னொரு சாவி ட்வைலாவிடம்தான் இருக்கிறது. எப்படியும் அவளுக்குத் தெரிந்தாக வேண்டும். ஆக, தெரிந்துகொண்டே தூக்குமேடை ஏறினேன்.

"ட்வைலா, ஏரில இருக்கேன்."

"எவ்ளோ எறங்கியிருக்கு?"

"வயிறு."

"சாப்பிட்டியா?"

அவ்வளவுதான் கேட்டாள். வைத்துவிட்டாள்.

மதியத்துக்கு முன் வந்தாள், கணவன் மெரிலுடைய வைக்கோல் லாரியை ஓட்டிக்கொண்டு. லாரி நிறைய வைக்கோல் கட்டுகள். இதைச் சந்தைக்கா கொண்டுபோகிறாய் என்றேன். "கனத்துக்கு," என்றாள். கெட்டித் தரையின் விளிம்பில் நிறுத்தினாள், இறங்கினாள், காலால் தட்டித் தட்டி மேலோட்டைச் சோதித்தாள், என் வின்ச் கயிற்றைத் தானே எடுத்துப் போய் லாரியில் மாட்டினாள்.

"அழுத்து. நிதானமா. ஸ்டீரிங்கை ஆட்டிக்கிட்டே வா."

இந்த மாவட்டத்தில் என் வின்ச்சைக் கட்ட முதல் முறையாக ஒரு பொருள் கிடைத்தது. அறுபது வயது, பூப்போட்ட சட்டை.

வண்டி முனகிக்கொண்டு வந்தது. நன்றி சொல்ல வாயெடுத்தேன். வழக்கம் நினைவுக்கு வந்து மூடிக்கொண்டேன்.

"மெரில் எங்க?"

"டிவி பாக்கறான். வைக்கோல் எங்கன்னு கேட்டான், காத்தாட விடறேன்னேன். இப்ப இப்படியே ஊருக்குள்ள போகாதே. வெள்ளைச் சேறு பாத்தா ஏரின்னு கொழந்தைகூடச் சொல்லும். நம்ம பண்ணைக்கு வா, கழுவலாம்."

கழுவினோம். முடிந்ததும் துடைக்கப் போனேன். கையைத் தட்டிவிட்டாள்.

"பளபளன்னு போனா எதையோ மறைக்கறான்னு நெனைப்பாங்க." ஒரு வாளி செம்மண்ணைக் கரைத்து, சக்கரத்தின் மேல் அளவாக வீசியடித்தாள். தள்ளி நின்று, தலையைச் சாய்த்துப் பார்த்து, இன்னும் ஒரு கை. "இப்போ நீ வடக்கு மேய்ச்சலுக்குப் போயிட்டு வந்திருக்கே."

இது கற்றுக்குட்டியின் கைவேலை இல்லை.

அக்டோபர் 17, திங்கள்

ஒவ்வொரு முகமாகப் பார்த்தேன். மருந்து வாங்க வந்த எல்லோரும் மருந்து வாங்கினார்கள். ஒருவர் என்னைப் பார்த்துச் சிரித்தார், மாத்திரைக் கணக்கு தப்பியது. பிறகு முதுகுத் தடிப்பைக் காட்டினார். இவ்வளவு நிம்மதியாக ஒரு தடிப்பை நான் பார்த்ததில்லை.

ட்வைலா நாள் முழுக்கப் பேசினாள். மேயரின் நாய், புது ஷெரிப்பின் மீசை, பாதிரியார் எடை கூடியது. ஏரி வரவே இல்லை.

அக்டோபர் 18, செவ்வாய்

இல்லை.

அக்டோபர் 20, வியாழன்

பத்திரிகை வந்தது. முதல் பக்கத்தில் மேயரின் நாய்.

கடையை மூடும்போது தாங்காமல் கேட்டேன். "ஏன் யார்கிட்டயும் சொல்லலை?"

ட்வைலா கல்லாவை எண்ணிக்கொண்டே சொன்னாள், "எதை?"

"ஏரியை."

"அது ஊருக்குத் தெரியாதே."

"அதான் கேக்கறேன்."

எண்ணுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள், கணக்கு வராத பிள்ளையைப் பார்ப்பது போல. "நான் பேசறது எல்லாம் ஊருக்குத் தெரிஞ்ச விஷயம் கண்ணு. தெரியாததை நான் என்னிக்குப் பேசியிருக்கேன்? யோசிச்சுப் பாரு."

யோசித்தேன். அவள் கடையில் சேர்ந்த பிறகான பதினோரு வருடத்தை ஓட்டிப் பார்த்தேன். மேயரின் நாய் தெருவில் கடித்தது. மீசை முகத்தின் நடுவில் இருக்கிறது. பாதிரியாரை எல்லோரும் ஞாயிறுதோறும் பார்க்கிறார்கள். அவளும் என்னோடு அதே கல்லாவில் நிற்கிறாள், அதே சீட்டுகளை வாங்குகிறாள், அதே பைகளில் போடுகிறாள். ஒன்றும் வெளியே வந்ததில்லை.

"அப்போ எதுக்கு இவ்ளோ பேசறே?"

"பேசாம இருந்தா, இவளுக்கு என்னமோ தெரியும்னு நெனைச்சுக்கிட்டு வந்து ஒட்டிக்குவாங்க. உன்னைப் பாரேன். உம்முன்னு இருந்து இருந்து என்ன ஆச்சு? வாயைத் தொறந்தே வெச்சிருந்தா, உள்ள என்ன இருக்குன்னு யாரும் எட்டிப் பாக்கமாட்டாங்க."

இத்தனை காலமாக ஊரில் வாயை அடக்கத் தெரிந்தவள் நான் ஒருத்திதான் என்று நினைத்திருந்தேன். சே.

"ட்வைலா, நான் போகப் பாக்கற எடம் லாஸ்ட் மிட்டன்."

"தெரியும். கேட்டை எப்ப பூட்டறாங்கன்னு நிலத்துறைக்குக் கடை போன்லதானே பேசினே? நவம்பர் முதல் வாரம் போ. அதுக்கப்புறம் பனி. இப்ப வெளக்கை அணை."

அக்டோபர் 30, ஞாயிறு

க்ளீட் வேட்டையிலிருந்து வெறுங்கையோடு வந்திருக்கிறான். வின்ச்சைக் கழற்றச் சொன்னேன். இரண்டாவது பேட்டரியையும் பின்னால் மாற்றச் சொன்னேன். ஸ்டெப்னியைப் பின்கதவில் மாட்டச் சொன்னேன். எதற்கும் காரணம் கேட்கவில்லை. கடைசிச் சொல்லுக்கு மட்டும் ஒரு முறை என் முகத்தைப் பார்த்தான். தோளைக் குலுக்கினான். ட்வைலா வந்து வின்ச்சை வாங்கிப் போனாள்.

வண்டியின் மூக்கு நிமிர்ந்திருக்கிறது.

நவம்பர் 4, வெள்ளி

வின்னமக்காவிலிருந்து பதில் மருந்தாளர் வந்திறங்கினார். இளைஞர், மிகச் சுத்தமான நகங்கள். முதல் வாடிக்கையாளர் சட்டையைத் தூக்கியதும் அவர் பின்வாங்கியதைப் பார்த்தேன். பழகிவிடுவார். ஒரு வாரம்தானே.

ட்வைலா என் போனைக் கேட்டாள்.

"எதுக்கு?"

"குடு."

கொடுத்தேன். பாதைக்கென்று அவளுடைய செயற்கைக்கோள் தொடர்புக் கருவியைக் கையில் திணித்தாள். மெரில் மாடு தேடப் போகும்போது எடுத்துப் போவது. "செத்தா மட்டும் அழுத்து."

"ஊர்ல கேட்டா என்ன சொல்லுவே?"

"உனக்கு அது எதுக்கு?"

நவம்பர் 5, சனி

ஏரியைச் சுற்றி, நீண்ட வழியாக. கற்பாதையில் நாலு சக்கரமும் கடித்து ஏறியது. ஒரு இடத்தில் அடித்தகடு கல்லில் உரசிப் பாடியது. இறங்கிப் பார்த்தேன், கீறல். தகட்டுக்கு நான் கொடுத்த காசெல்லாம் அந்த ஒரு கீறலுக்கு.

சாயங்காலம் வந்து சேர்ந்தேன். தொட்டி இருக்கிறது. தண்ணீர் சூடாக இருக்கிறது.

யாருமில்லை.

நவம்பர் 7, திங்கள்

யாருமில்லை.

நவம்பர் 8, செவ்வாய்

ஒரு ப்ராங்ஹார்ன் மான் தொட்டிக்கு அருகில் வந்து நின்று வெகுநேரம் பார்த்தது. நானும் பார்த்தேன். அதற்கு ஒரு உபாதையும் இல்லை. இருந்திருந்தாலும் என்னிடம் சொல்லவில்லை.

நவம்பர் 10, வியாழன்

முதல் நாவலை முடித்தேன். நாயகி முந்நூறு பக்கம் மௌனமாக அவதிப்பட்டு இறந்துபோகிறாள். ஒரு கல்லாக்காரி கிடைத்திருந்தால் பிழைத்திருப்பாள்.

மெல்லிய பனித்தூறல். கழுத்து வரை வெந்நீர், தலையில் கம்பளித் தொப்பி, தொப்பியில் பனி. சூப்பில் போட்ட பூண்டு வாசனை. வந்ததிலிருந்து நான் ஒரு வார்த்தை பேசவில்லை என்று இப்போதுதான் உறைத்தது. பேசிப் பார்த்தேன். "சரி," என்றேன். போதுமானதாக இருந்தது.

நவம்பர் 12, சனி

கேட்டைக் கடந்தபோது நிலத்துறைக்காரர் சங்கிலியோடு நின்றிருந்தார். "உள்ள வேற யாராச்சும் இருக்காங்களா?" என்றார். இல்லை என்றேன். எவ்வளவு அழகான பதில்.

இருட்டுவதற்குள் வீடு. வாசற்படியில் சாப்பாடு வரிசையாக. நான் யாரையும் இழுக்கவில்லையே? மூடிகளைத் திறந்தேன். மசித்த உருளைக்கிழங்கு. ஆப்பிள் கூழ். சாக்லேட் புட்டிங். தளதளவென நடுங்கும் பச்சை ஜெல்லி. வடிகட்டிய சூப். ஒன்றிலும் கடிக்க ஏதுமில்லை.

புரியவில்லை. ஜெல்லியைச் சாப்பிட்டேன்.

நவம்பர் 14, திங்கள்

கடைக்குள் நுழைந்ததும் வரிசையில் நின்ற மூன்று பேரும் ஒரே குரலில்: "பேசாதே! பேசாதே!"

நின்றுவிட்டேன்.

"ரீனோல பெரிய டாக்டரா? எத்தனை தையல்?" என்றார் முதலாமவர். "அட, அவளைக் கேக்காதீங்க, ரெண்டு வாரம் வாயைத் தொறக்கக் கூடாதுன்னு சொல்லியிருக்காங்கல்ல," என்றார் இரண்டாமவர். மூன்றாமவர் என்னிடம் எதையோ காட்டுவதற்காக மணிக்கட்டுப் பொத்தானை அவிழ்த்தவர், இரக்கத்தோடு மறுபடி பூட்டிக்கொண்டார். "குணமாகு முதல்ல. எனக்கு ஒண்ணும் அவசரமில்ல."

கல்லாவில் ட்வைலா யாருக்கோ மீதி கொடுத்தபடி உரக்கச் சொல்லிக்கொண்டிருந்தாள்: "கடவாப்பல்லு ரெண்டு! தாடை எலும்பை ஒட்டி வளைஞ்சு கெடந்துச்சாம். அந்த டாக்டரே பயந்துட்டாராம்." கேட்டவர்கள் தங்கள் கன்னங்களைத் தடவிக்கொண்டார்கள்.

கன்னத்தில் கையை வைத்துக்கொண்டு என் இடத்துக்குப் போனேன். காலை முழுதும் மாத்திரை எண்ணினேன். நாக்கு இல்லை, முதுகு இல்லை, கால் வீக்கம் இல்லை. தலையாட்டினேன், மாட்டேன் என்று ஆட்டினேன், சீட்டில் எழுதிக் காட்டினேன். எல்லோரும் குரலைத் தாழ்த்தி, நுனிக்காலில் நடந்து, மருந்தை வாங்கிக்கொண்டு போனார்கள். ரெண்டு வாரம், என்றார் அந்த இரண்டாமவர்.

மதியம் கூட்டம் ஓய்ந்தது. ட்வைலா என் போனைத் திருப்பிக் கொடுத்தாள்.

"யாராச்சும் கூப்பிட்டாங்களா?" என்று கிசுகிசுத்தேன்.

"ரெண்டு பேர். ஏரி. போய் இழுத்துட்டு வந்தேன், உன் வின்ச் லாரில நல்லாத்தான் ஒக்காந்திருக்கு."

"யாரு?"

மேயரின் நாய் மறுபடி யாரையோ கடித்த கதையைச் சொல்ல ஆரம்பித்தாள். சத்தமாக, கையை ஆட்டி, எல்லா விவரத்தோடும். கதவு மணி அடித்தது, யாரோ உள்ளே வந்தார்கள். நான் கன்னத்தைப் பிடித்துக்கொண்டேன்.

ட்வைலா கதையை நிறுத்தாமலே என் பக்கம் சாய்ந்து, உதடு அசையாமல் சொன்னாள்:

"எடது பக்கம். நான் எடதுன்னு சொல்லியிருக்கேன்."

கையை மாற்றிக்கொண்டேன்.